பின்பக்க இன்ஜின் காரைப் பற்றிச் சொல்ல ஆள் வேணும்

அண்ணன்மாருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் ஐ.டி.ஐ. படிக்கும் பசங்களுக்கு ஞாயிறுதோறும் மெக்கானிக் வேலை சொல்லித் தருகிறேன். அடுத்த வாரம் பின்பக்க இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார். போர்ஷே 911-ஐ வைத்துத்தான் ஆரம்பம். 1963-ல் ஃபிராங்ஃபர்ட்டில் காட்டினார்கள். சாலையில் ஓடும் 911-க்கு இன்றும் இன்ஜின் பின் அச்சுக்குப் பின்னால்தான்.

இதில் உள்ள நன்மை புரிகிறது. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரத்தின் மேல் இருப்பதால், கிளம்பும்போது டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். பிரேக் அடித்தாலும் பின்சக்கரம் தன் பங்கைச் செய்யும். குழந்தைகளுக்குப் பின்னால் சின்ன சீட்டும் கிடைக்கும்.

சிக்கல் வளைவில்தான். நுழையும்போது முன்பக்கம் லேசாக இருப்பதால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். நடுவளைவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் பிடி இழந்து, சுத்தியல் தலை மாதிரி வெளியே வீசும். இதைப் படம் போட்டுக் காட்டலாம், ஆனால் ஓட்டியவர் வாயால் கேட்டால்தான் பசங்க மனசில் நிற்கும். 911-ன் ரேஸ் வகையான 2017 ஆர்.எஸ்.ஆர். காரில் போர்ஷேவே இன்ஜினைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தியது, அதையும் பேச வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 911 ஓட்டியவர்கள் யாராவது அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? மழையில் எப்படி இருந்தது என்று அவசியம் சொல்லுங்கள். அப்படியே, வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் ஷெட்டில் பழைய டாடா நானோ இருந்தால் தெரிவியுங்கள். அதன் 624 சிசி இன்ஜினும் பின்னால்தான். பசங்க கழற்ற மாட்டார்கள், குனிந்து பார்க்க விட்டால் போதும்.