புதுப்பிப்பு: பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியல், பக்கத்திலேயே கிடைத்தது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துபார்த்துக் கற்க அருகில் என்ன வழி என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அறிவியல் மையத்துக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. "கல்லூரி இயற்பியல் துறையிடம் போய், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. மூன்று ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை போய்க் கற்று வந்தோம்.

அப்புறம் வகுப்பில் செய்தோம். 5 மில்லிமீட்டர் துளையிட்ட தாளை முகம்பார்க்கும் கண்ணாடிமேல் ஒட்டி, சூரிய ஒளியை இருட்டறைச் சுவரில் விழவைத்தோம். 10 மீட்டர் தள்ளி விழுந்த சூரிய பிம்பத்தின் விட்டம் 9.5 சென்டிமீட்டர். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அதே விகிதத்தில் அதன் விட்டம் 14.25 லட்சம் கிலோமீட்டர் என்று பிள்ளைகளே கணக்கிட்டார்கள். உண்மையில் ஏறக்குறைய 13.9 லட்சம். துளையின் அகலத்தால் பிம்பம் சற்றுப் பெரிதாகிறது, அவ்வளவுதான்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு மாணவி துளையை முக்கோணமாக வெட்டினாள். பிம்பம் அப்போதும் வட்டமாகவே விழுந்தது! அது சூரியனின் வடிவம் என்று புரிந்ததும் வகுப்பே ஆர்ப்பரித்தது.

செய்பவர்கள் கவனிக்க: கண்ணாடியில் தெரியும் சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.