மறுமொழி: ஸ்பாஸ்டிக் பராப்பிளீஜியாவுக்குத் தமிழ்ச் சொல்

அன்புடையீர், வணக்கம்.

கால்கள் மெல்ல மெல்ல இறுகி நடை கெடும் மரபுவழி நரம்பு நோயான ஹெரிடிட்டரி ஸ்பாஸ்டிக் பராப்பிளீஜியாவுக்கு முன்மொழியப்பட்ட ‘பரம்பரை விறைப்புக் கீழ்வாதம்’ என்ற சொல்லை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மட்டக்களப்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். இந்த நோயுள்ளவர்களின் வீட்டாருக்கு விளக்கம் சொல்வது பெரும்பாலும் நான்தான். அங்கே இந்தச் சொல் எடுபடாது.

முதலில் விறைப்பு. எங்கள் பக்கத்தில் பல் பிடுங்கும் முன் போடுவது விறைப்பு ஊசி. கால் விறைக்கிறது என்றால் மரத்துப் போய்விட்டது என்றே எவரும் விளங்கிக்கொள்வார். இந்த நோயிலோ தொடுவுணர்வு பெரும்பாலும் கெடுவதில்லை.

வாதம் இன்னும் மோசம். பக்கவாதமும் இளம்பிள்ளைவாதமும் திடீரென்று வந்து காலை விழுத்துபவை; அந்தச் சொல்லைக் கேட்டதுமே வீட்டார் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இது பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்வது. படுவான்கரையிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு வயல் வரம்பில் நடக்கும்போது கால் விரல்கள் தட்டுப்படுகின்றன. அவருடைய செருப்பின் முன்நுனி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. குதிப்பக்கம் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருக்கிறது. அவரைப் படுக்க வைத்து முழங்காலை மெதுவாக மடக்கினால் மடங்குகிறது, சட்டென்று மடக்கினால் பாதியில் பிடித்துக்கொள்கிறது. வேகத்துக்கு ஏற்ப இறுகும் இந்தத் தன்மைதான் ஸ்பாஸ்டிக் என்பதன் உயிர்நாடி. வாதம் என்ற சொல்லில் அது அறவே இல்லை.

காரணம் தசையில் இல்லை. மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியே இறங்கும் இயக்க நரம்பிழைகளில் மிக நீளமானவை கால்களுக்கான கட்டளையைச் சுமப்பவை. அவ்வளவு தூரத்துக்குப் பொருள்களை ஏற்றியிறக்கும் ஏற்பாடு கெடும்போது கடைசி நுனிகளே முதலில் நலிகின்றன. எஸ்பிஜி 4 என்ற வகையில் பழுதாவது ஸ்பாஸ்டின் என்னும் புரதம். நரம்பிழைக்குள் இருக்கும் நுண்குழல்களை அளவாக வெட்டிச் சீர்செய்வது அதன் வேலை. மேலிருந்து வரும் கட்டுப்பாடு குறைந்ததும் தசை தன்போக்கில் இறுகுகிறது. ஆகவே சொல்லில் நரம்பு வர வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பாஸ்டிக் என்பதற்கு ‘இசிவு’ என்று சொல்லலாமே என்றால், இசிவு வந்து போவது, வலிப்புக்கு நெருங்கியது. அதை விட்டுவிடலாம்.

பரம்பரை என்ற சொல்லில்தான் எனக்குப் பெரிய கவலை. தாய்வழியே குடி, அதாவது குலப்பிரிவு, எண்ணும் ஊர் எங்களுடையது. பரம்பரை நோய் என்றதும் ‘எந்தக் குடியில்?’ என்ற கேள்வி எழுந்து, பழி தாயின் மேல் விழுகிறது. எஸ்பிஜி 4 தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. எஸ்பிஜி 11 போன்ற வகைகளில் தாய் தந்தை இருவரும் நலமாக இருப்பார்கள், ஆனால் இருவரிடமும் பழுதான மரபணுப் பிரதி ஒன்று இருக்கும்; பிள்ளைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சானும் மச்சாளும், அதாவது மாமன் அத்தை பிள்ளைகள், மணந்தால் இந்த வாய்ப்புக் கூடுகிறது. அந்த வீட்டாரிடம் பரம்பரை என்றால் ‘எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லையே’ என்று எழுந்து போய்விடுகிறார்கள், அது நியாயமும்கூட. பிறவி நோய் என்றும் சொல்ல முடியாது. நாற்பது வயதிலும் தொடங்கும். இலங்கைப் பாடநூல்கள் பரம்பரையலகு என்பதைத் தமிழகத்தார் மரபணு என்கிறார்கள். அந்த ‘மரபு’ இரு நாட்டாருக்கும் புரியும், குடியையும் இழுக்காது.

ஆகவே என் முன்மொழிவு: மரபுவழி நரம்புக் காலிறுக்கம். ‘கால் இறுகுகிறது’ என்பது நோயாளிகள் தாங்களே சொல்வது. இறுக்கம் என்றால் தளர்த்தலாம் என்ற எண்ணமும் கூடவே வரும். நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பக்லோபென் மாத்திரையும் நாள்தோறும் தசையை நீட்டும் பயிற்சியும் கணுக்கால் தாங்கியும் நடையை எளிதாக்குகின்றன. பலவீனம் என்ற பொருள் விடுபடுகிறது என்பீர்கள். பலருக்கு இறுக்கமே முன்னால் நிற்கிறது. பலவீனத்தை விளக்கத்தில் சேர்க்கலாம்.

கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கிழக்கின் வழக்கையும் கேட்டு முடிவெடுங்கள் என்று நான் கேட்பது மிகையல்ல.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. காலோடு நிற்கும் வகையும், பார்வைக் குறையோ அறிவுத்திறன் குறையோ சேர்ந்து வரும் வகையும் உண்டு. இவற்றைத் ‘தனி’, ‘கூட்டு’ என்று பிரிக்கலாமா? நரம்பியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.