புதுப்பிப்பு: காசு கட்டி ரம்மி கற்பது பற்றிய என் பழைய கேள்வி

மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்தில் படகு கரையில் கிடந்தபோது, ஆன்லைனில் பணம் கட்டி ரம்மி பழக எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.

இப்போது நிலவரமே வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது; திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் அதில் எடுபடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனாலும் வாட்ஸப்பில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஏதோ வெளிநாட்டு ஆப்பாம். போட்ட காசு மாட்டிக்கொண்டால் யார் சட்டையைப் பிடிப்பது?

சரி, ஆட்டத்தை விடவில்லை. சாயங்காலம் வலைக் கொட்டகையில் மாமா சொல்லித் தருகிறார். 13 சீட்டு கைக்கு வந்ததும், "ஜோக்கர் இருக்குன்னு துள்ளாத மாப்ள, ஒரிஜினலுக்கு வழி இருக்கான்னு பாரு" என்பார். ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும்; ஒரிஜினல் என்பது ஜோக்கர் உதவி இல்லாமல் ஒரே இனத்தில் வரிசையாகச் சேரும் மூன்று சீட்டோ அதற்கு மேலோ. ஹார்ட்டின் 5, 6 இருந்தால் 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். ஏஸும் 2-ம் என்றால் 3 மட்டும்தான். கை மோசமென்றால் முதலிலேயே ஸ்கூட், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடுவது; 20 தண்டப் புள்ளியோடு போச்சு. ஆசைப்பட்டு உட்கார்ந்தால் 80 வரை ஏறும். தோற்றவர் டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஒரு சந்தேகம். ஆடத் தொடங்கிய பிறகு பாதியில் விலகும் நடு ஸ்கூட்டுக்கு மாமா 40 எழுதுகிறார், பாம்பன்காரர் 50 என்று சண்டைக்கு வருகிறார். உங்கள் ஊரில் எப்படி?