தர்ஷி நாடகத்துக்குக் கிரகப் பேர்

(குடும்பக் குழு, தலவாக்கலை)

கலா அக்கா: தர்ஷியோட ஸ்கூல் நாடகத்துக்கு வேற்றுக்கிரகத்து ஆளுங்க பேரும் அவங்க கிரகத்துப் பேரும் வேணுமாம். காலைல மிஸ்கிட்ட குடுக்கணும். இப்ப "எக்ஸ் ஏ கிரகம்"னு எழுதி வெச்சிருக்கா.

பாபு: ஜோர்க் 😀

சின்ன மாமா: ஏ வராது கலா. விஞ்ஞானிங்க பட்டியல்ல ஏ நட்சத்திரத்துக்கு. முதல்ல கண்டுபிடிச்ச கோளுக்கு பி, அடுத்தது சி. 1995ல கண்டது 51 பெகாசி பி. கிளீஸ் 876ங்கிற நட்சத்திரத்தைச் சுத்துற கோள்கள்ல டி தான் அதுக்கு ரொம்பக் கிட்ட. ஆனா அது பி, சிக்குப் பொறகு தெரிஞ்சதால டி.

ராணி அத்தை: ஞாயித்துக்கிழமை கோயில் கூட்டத்துக்கு யாரு போறது

பாபு: பெரியப்பா

பெரியப்பா: நான் சொல்லலையே

சின்ன மாமா: இதெல்லாம் வெளிய இருந்து வைக்கிற பேர். அங்க பொறந்தவன் தன் ஊரை "பி"ன்னு சொல்ல மாட்டான். நம்ம தேயிலைத் தோட்டங்க டன்சினன், ஹோலிரூட் எல்லாம் ஸ்கொட்லாந்துப் பேர், தோட்டத்துக்குள்ள இருக்கிற நமக்கு மேல்கணக்கு, கீழ்க்கணக்கு தானே? நாடகத்துலயும் ரெண்டு பேர் வை. விஞ்ஞானி பட்டியல் பேரைச் சொல்லட்டும், வந்தவன் தன் பேரைச் சொல்லட்டும்.

தர்ஷி: நம்ம நாடும் ஒரு கோளுக்குப் பேர் வெச்சதுன்னு மிஸ் சொன்னாங்க மாமா

சின்ன மாமா: 2019ல. எச்.டி. 205739 நட்சத்திரம் சாமய, அதோட கோள் சமகிய. சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு விதி இருக்கு: 16 எழுத்துக்கு மேல கூடாது, உயிரோட இருக்கிறவங்க பேரும் கம்பனிப் பேரும் கூடாது.

ராணி அத்தை: கோளுக்காவது ஊரைக் கேட்டு வைக்கிறாங்க. தர்ஷிக்குப் பேர் வெச்சப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை இல்ல

கலா அக்கா: அத்தை 🙏

சின்ன மாமா: தர்ஷி, எழுதிக்கோ. தமிழ்ச் சொல் ழ, ண, றல தொடங்காது. அதுல தொடங்கினாலே வேத்து ஆள்னு காது சொல்லிரும். ஆனா க், ட், ப்ல முடிக்காத. மேடையில பிள்ளைங்க தானா ஒரு உ சேர்த்துருவாங்க, ழோணப் ழோணப்பு ஆயிரும். உயிர்ல முடி. மெய் அஞ்சு எடு: ழ, ண, ற, வ, ம. உயிர் மூணு: ஆ, ஓ, உ. எல்லாப் பேரும் இதுக்குள்ள வந்தாத் தான் ஒரே மொழி மாதிரி கேக்கும். கோள் ழோணா. இனம் றாமு. தலைவன் மோழு. முதலெழுத்து வேற வேறயா இருந்தா பார்க்கிறவங்க குழம்ப மாட்டாங்க.

பாபு: றாமுவா? மேல்கணக்கு ராமு அண்ணன் சண்டைக்கு வருவாரு 😂

சின்ன மாமா: இதுக்குத் தான் வாயால சொல்லிப் பார்க்கணும். மைக்ல றவும் ரவும் ஒண்ணு. றோவு போடு. பக்கத்து வீட்டு சிங்கள அக்காகிட்டயும் சொல்லிக் காட்டு, அவங்க பாஷைல தப்பா வந்துறக் கூடாது.

பெரியப்பா: ழோணர்னு வெச்சா லேசு

சின்ன மாமா: வேணாம்ணே. நாம பூமில இருக்கோம், பூமியர்னா சொல்லிக்கிறோம்? மனுசன்னு தானே.

தர்ஷி: தலைவனா நடிக்கிறவனுக்கு ழ வராது. ளோணான்னு சொல்லுவான்

சின்ன மாமா: அப்ப கோள் பேரை விஞ்ஞானி வாயில வை. தலைவன் "எங்க மண்"ணுன்னு சொல்லட்டும்.

பெரியப்பா: எனக்கு ழோணர் தான் சரியாப் படுது

கலா அக்கா: ரெண்டையும் எழுதிக் குடுக்கச் சொல்றேன். மிஸ் பார்த்துக்கட்டும்.