மிதக்குதா, நிக்குதா? டிரிங்கோமலி தகராறு

பாய்மரப்பாண்டி:
எச்.எம்.எஸ். டிரிங்கோமலிதான் உலகத்திலேயே பழமையான மிதக்கும் போர்க்கப்பல்னு நேத்து ஒரு மேதை இங்கே எழுதியிருந்தார். அது பம்பாயில் தண்ணியில இறங்கினது 1817. அமெரிக்காவோட கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பல் 1797. கழித்தல் தெரிஞ்சா இருபது வருஷம். அது பாஸ்டனில் இன்னிக்கும் மிதக்குது. மி-த-க்-கு-து.

தேக்குமரம்:
மேதை நான்தான். 'பிரிட்டிஷ்'ங்கிற ஒரு சொல் விட்டுப்போச்சு, அதுக்கா இந்த ஆட்டம்? உங்க கான்ஸ்டிடியூஷனில் பழைய மரம் நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு தேறும். 2015-17இல் உலர்துறையில், அதாவது தண்ணியை வடிச்சுக் கப்பலைப் பழுதுபாக்குற துறையில, அடிப்புறச் செப்புத் தகடு மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல மாத்தினாங்க. டிரிங்கோமலியில் பாதிக்கு மேல் அதைக் கட்டின ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா வைச்ச அதே தேக்கு.

பாய்மரப்பாண்டி:
மரக்கணக்கு யார் கேட்டா? மிதக்குதாங்கிறதுதான் கேள்வி. கான்ஸ்டிடியூஷனோட ஏராக்கட்டை, அதான் அடிமுதுகெலும்பு மரம், அன்னிக்குப் போட்டது. மூக்கும் வாலும் ஒடுங்கினது, அங்கே தண்ணி தாங்குறது குறைச்சல். நடுவயிறு மேலே தூக்கும். அப்படியே ஏரா 13 அங்குலத்துக்கு மேல் வளைஞ்சு கிடந்துச்சு. 1992-96இல் உள்ளே சாய்வுச்சட்டங்களைத் திரும்பப் போட்டுத்தான் நிமிர்த்தினாங்க. மிதக்குற கப்பலுக்கு வர்ற வியாதி இது. உங்க டிரிங்கோமலியை இங்கிலாந்து ஹார்ட்டில்பூலில் பழைய டாக்குக்குள்ள அடைச்சு வைச்சிருக்கிறது மிதக்குறதா? தொட்டி மீன்!

தேக்குமரம்:
தொட்டியிலும் தண்ணிதானே இருக்கு?

ஓதம்77:
ரெண்டு பேரும் விக்டரிங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மறந்துட்டீங்க. 1765.

பாய்மரப்பாண்டி:
1922லேருந்து போர்ட்ஸ்மவுத்தில் தரையில நிக்குது. தண்ணி சீராத் தாங்கவேண்டிய எடையை 22 இரும்புத் தாங்கிமேல வைச்சாங்க, இடையில இருந்த பாகமெல்லாம் தொங்கிப்போச்சு. இப்ப 134 முட்டு கொடுத்திருக்காங்க. முட்டுல நிக்குறது மிதக்கும் பட்டியல்ல வராது. அடுத்தவர் வரலாம்.

தேக்குமரம்:
கலப்பற்று (பலகை இடுக்கை அடைக்கிறது) விவாதத்துலயும் இப்படித்தான் கத்தி ஆளை விரட்டினீங்க. ஓக் மரத்துல இருக்குற அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும், துரு மரத்தைத் தின்னும். தேக்கோட எண்ணெய் இரும்பைக் காக்கும். பம்பாய்க் கப்பல் நிலைச்சதுக்குக் காரணம் அதுதான்.

பாய்மரப்பாண்டி:
அந்தப் பம்பாய்க் கப்பலுக்கு அனுப்பின வரைபடமே ஜாவாங்கிற பிரிட்டிஷ் கப்பலோட போச்சு. 1812 டிசம்பரில் பிரேசில் பக்கம் அதை அடிச்சுப் பிடிச்சுக் கொளுத்தினது யாரு? எங்க கான்ஸ்டிடியூஷன்! மறுபடி படி எடுத்து அனுப்பவேண்டியதாப் போச்சு.

தேக்குமரம்:
'எங்க'வா? கிரீன் கார்டு எப்ப வந்துச்சு?

கோணேசன்:
எதுவானாலும் டிரிங்கோமலி எண்டது எங்கட திருகோணமலை ஊர்ப் பேர். அதையாவது விடுங்கோ.

பாய்மரப்பாண்டி:
ஊர்ப்பாசத்துல வைச்ச பேரில்லை அண்ணே. 1782இல் அந்தக் கடலில் பிரிட்டிஷ் தளபதி ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனும் மோதின சண்டையோட பேர். அதோட 1897க்கு அப்புறம் தொண்ணூறு வருஷம் அது 'ஃபுட்ராயன்ட்'. 1992இல்தான் பழைய பேர் திரும்பினது.

ஓதம்77:
ஸ்காட்லாந்து டண்டீயில் இருக்குற யூனிகார்ன் போர்க்கப்பல், 1824, ஓக். அதுவும் மிதக்குது. பாய்மரமே ஏத்தாம மேலே கூரை போட்டு வைச்சாங்க, அதான் பிழைச்சது. கப்பலைக் கொல்றது கடல்தண்ணி இல்லை, மேல்தளப் பிளவு வழியா இறங்குற மழைத்தண்ணி. வங்குகளோட (கப்பலோட விலா மரங்களோட) தலைமாட்டுல தேங்கி, அங்கேயிருந்துதான் இத்துப்போகும்.

பாய்மரப்பாண்டி:
1824ஐ 1797கிட்ட கொண்டுவர்றீங்க. கழித்தல் வகுப்பு மறுபடி எடுக்கணுமா?

தேக்குமரம்:
பத்து சதவீதம் 1797, மிச்சம் நேத்து வெட்டின மரம். அதையும் கழிச்சுப் பாருங்க.

பாய்மரப்பாண்டி:
மிதக்குதா இல்லையா? அதுக்கு மட்டும் பதில்.