ஏசி ரிமோட்டில் செல் உப்புப் பூத்திருக்கிறது: ஆசிட்டா, வேறு ஏதாவதா?

சுவர்க்கடிகாரம்:
ஆறு மாதமாகத் தொடாத ஏசி ரிமோட். உள்ளே இரண்டு டிரிபிள் ஏ அல்கலைன் செல். ஸ்பிரிங் பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு. மீட்டரில் ஒரு செல் 1.31 வோல்ட், கசிந்தது 0.4 வோல்ட். உறையில் 2029 வரை தேதி இருக்கிறது. பிறகு ஏன் கசிந்தது? "ஆசிட் கசிவு, ஆப்ப சோடா போட்டுத் துடை" என்கிறார்கள். சரிதானா? பழைய செல்லை வீட்டுக் குப்பையோடு போடலாமா?

மல்டிமீட்டர்:
ஆசிட் இல்லை, நேர் எதிர். அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். வெளியே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகும். அந்த வெள்ளை உப்பு அதுதான். அதன்மேல் ஆப்ப சோடா போட்டால் ஒன்றும் ஆகாது.

இந்த செல்லில் எஃகு டப்பா பிளஸ். நடுவில் துத்தநாகப் பொடிக் கூழ், அதில் செருகிய பித்தளை ஊசி மைனஸ். செல் சும்மா கிடந்தாலும் துத்தநாகம் காரத்தில் மெல்ல அரித்து ஹைட்ரஜனை விடும். ஒரு காலத்தில் இதை அடக்கப் பாதரசம் சேர்த்தார்கள். அது விஷம் என்பதால் கைவிட்டு, இப்போது துத்தநாகத்தில் இண்டியம், பிஸ்மத் போன்றவற்றைத் துளியளவு கலக்கிறார்கள். வாயு சேர்ந்து டப்பா வெடித்துவிடக் கூடாது என்று மைனஸ் முனையின் நைலான் அடைப்பில் ஓரிடத்தை வேண்டுமென்றே மெல்லிசாக விட்டிருப்பார்கள். அழுத்தம் மிஞ்சினால் அங்கே கிழியும். கசிவு பெரும்பாலும் ஸ்பிரிங் பக்கமே தெரிவது அதனால்தான்.

உங்கள் மீட்டர் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. டிஸ்ப்ளே உள்ள ரிமோட் பட்டனை அழுத்தாவிட்டாலும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வரிசையில் இருக்கும் இரண்டில் பலவீனமான செல் முதலில் தீரும். தீர்ந்த பிறகும் மற்றது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும், சில நேரம் துருவமே தலைகீழாகும். அப்போதுதான் வாயு அதிகம் வரும். பழையதும் புதியதும் கலந்து போடாதே என்பது இதற்குத்தான். உறையில் உள்ள தேதி பயன்படுத்தாமல் வைத்திருக்கும் செல்லுக்கு. ரிமோட்டுக்குள் போனபின் அந்தக் கணக்கு செல்லாது.

உப்புத்தாள்:
சுத்தம் செய்ய: கையுறை போடுங்க, கண்ணாடியும் போடுங்க. வாயால ஊதாதீங்க, பொடி கண்ணுல பட்டா புண்ணாகும். பழைய பல் பிரஷ்ஷால காகிதத்து மேல உதிருங்க. பட்ஸை வினிகர்லயோ எலுமிச்சைச் சாறுலயோ நனைச்சுப் பிழிஞ்சு, கான்டாக்ட்ல மட்டும் தொட்டு எடுங்க. நுரை நின்னா காரம் தீர்ந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் லேசா ஈரத்துணி, அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஒரு மணி நேரம் காயட்டும். வினிகரை ஊத்தினா போர்டுக்குள்ள இறங்கிடும்.

களிம்பு போகலைன்னா 600 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேயுங்க. நிக்கல் முலாம் போயிட்டா அது சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்பிரிங்கை மாத்துறதே நல்லது. காரம் ஒயர் உறைக்குள்ளயே ஊர்ந்து போகும். நுனியை வெட்டிப் பார்த்து செம்பு கறுத்திருந்தா ஈயப்பற்று ஒட்டாது, ஒயரையும் மாத்துங்க.

ஆப்ப சோடா யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னா, விலை குறைஞ்ச கார்பன் செல்லுக்கு அது சரி. அதுல துத்தநாக டப்பாவே மைனஸ். செல் தீரத் தீர டப்பாவே கரைஞ்சு ஓட்டை விழும். கசியுற துத்தநாகக் குளோரைடு கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. அதுக்கு அரை டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் சோடா. அதனால முதல்ல உறையைப் படிங்க.

சுவர்க்கடிகாரம்:
நன்றி. அப்போ கடிகாரத்துக்கு எது?

உப்புத்தாள்:
கார்பன் செல்லே போதும், இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. ஓடிட்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. அடிக்கடி போடுற டார்ச்சுக்கும் பொம்மைக்கும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்.

காயலான்:
குப்பைக் கேள்விக்கு. இந்தியாவில் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி செல்லை மற்ற குப்பையிலிருந்து பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ தரவேண்டும். குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் சொல்வதும் இதையே. சிறிய செல்களில் பாதரசம் எடையில் 0.0005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. லித்தியம் செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கினாலோ ஷார்ட் ஆனாலோ தீப்பிடிக்கும். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ரிமோட் செல்லுக்கு அல்ல, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். முறையற்ற இடங்களில் கோடரியால் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். புகை போய்விடும், ஈயத்தூசி மண்ணில் தங்கிவிடும். செனகலின் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் பகுதியில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இப்படித்தான் ஈய நஞ்சால் இறந்தார்கள். புதுசு வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் கழித்து எழுதி வாங்குங்கள். "தண்ணியைக் கொட்டிட்டுக் கொண்டா" என்று யாராவது சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள். அது தண்ணீர் இல்லை, ஈயம் கலந்த கந்தக அமிலம்.