உதவி: பெரியம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பத்திரம் பெரியப்பா பெயரில் (ஃபிலடெல்பியா)

ஒழுகும்கூரை:
வணக்கம். பெரியம்மா மேற்கு ஃபிலடெல்பியாவில் ஒரு ரோ ஹவுஸில் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) தனியாக இருக்கிறார். தட்டைக் கூரை. மூன்று வாரமாக ஒழுகுகிறது. சமையலறை சீலிங் பலூன் மாதிரி தொங்குகிறது, விரலால் தொட்டால் சதசதவென்று உள்ளே போகிறது. கூரைக்காரர் 9,000 டாலர் கேட்கிறார். இன்சூரன்ஸ்காரர்கள் "பழசானதால் வந்த சேதம்" என்று கையை விரித்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி பணம் மட்டும்தான். நகரமே இலவசமாகச் சரிசெய்து தரும் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் போட உதவும் ஓர் இடத்துக்குப் போனோம். பத்திரத்தில் போன வருடம் இறந்த பெரியப்பா பெயர் மட்டும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொத்து வரி பாக்கி இல்லை. தண்ணீர் பில் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?

கிரீக்கோரம்:
முதலில் ஒன்று. வீடு நகர எல்லையில் ஓடும் கோப்ஸ் கிரீக் ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? 69ஆம் தெரு டெர்மினல் பக்கம் இருக்கிற நம் ஆட்களும் ஃபிலடெல்பியா என்றுதான் சொல்வார்கள். அது அப்பர் டார்பி, வேறு கவுண்டி. அங்கே இந்தத் திட்டம் கிடையாது.

ஒழுகும்கூரை:
இந்தப் பக்கம்தான் அண்ணா.

பத்திரக்கட்டு:
அப்படியானால் நீங்கள் சொல்வது பேசிக் சிஸ்டம்ஸ் ரிப்பேர் திட்டம். நகரத்தின் வீட்டு வசதி அமைப்பான பி.எச்.டி.சி. நடத்துகிறது. கூரை, மின்சாரம், குழாய், ஹீட்டர் எல்லாம் இதில் வரும். பணத்தைக் கையில் தர மாட்டார்கள், ஆள் வந்து பார்த்து அவர்களே கான்ட்ராக்டரை அனுப்புவார்கள். அதனால் கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

இப்படி வீட்டில் இருப்பவர் பெயர் பத்திரத்தில் இல்லாத சிக்கலுக்கு அங்கே "டேங்கிள்டு டைட்டில்" என்று பெயர். 2021இல் பியூ அறக்கட்டளை எண்ணிப் பார்த்தபோது நகரத்தில் இப்படி 10,407 வீடுகள் இருந்தன, பெரியம்மா தனி ஆள் இல்லை. இருவர் பெயரும் பத்திரத்தில் இருந்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு முடிந்திருக்கும். இப்போது சிட்டி ஹால் 180ஆம் அறை, உயில், இறந்தவர் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். உயில் இருக்கிறதா? பிள்ளைகள்?

ஒழுகும்கூரை:
உயில் இல்லை. ஒரே மகன், டெக்சாஸில். அம்மாவோடு பேச்சு இல்லை.

பத்திரக்கட்டு:
இதுதான் முடிச்சு. உயில் இல்லாவிட்டால் பென்சில்வேனியாவில் வீடு முழுதும் மனைவிக்கு வராது. முதல் 30,000 டாலரும் மிச்சத்தில் பாதியும் அவருக்கு, மறு பாதி மகனுக்கு. வாரிசு வரி மனைவிக்கு இல்லை, மகன் பங்குக்கு 4.5 சதவீதம். வீடு முழுக்கப் பெரியம்மா பெயருக்கு மாற வேண்டுமென்றால் மகன் தன் பங்கை விட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் பேசிப் பார்ப்பதைவிட வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் போவது மேல். ஃபிலடெல்பியா வி.ஐ.பி. என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பைக் கூப்பிடுங்கள், டேங்கிள்டு டைட்டில் ஃபண்ட் அவர்களிடம்தான் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு புரோபேட் (இறந்தவர் சொத்தைத் தீர்க்கும் சட்ட நடைமுறை), பதிவுச் செலவுகளுக்கு அதிலிருந்து உதவி கிடைக்கும்.

கூரைத் திட்டத்துக்காகத் தண்ணீர் பாக்கியை ஒரே தடவையில் கட்ட வேண்டாம், தவணை ஒப்பந்தம் போட்டால் போதும். அப்படியே டாப் (TAP) என்கிற தண்ணீர் பில் சலுகைக்கும் எழுதிப் போடுங்கள். 2017இலிருந்து இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து மாத பில்லைக் குறைப்பார்கள்.

தாரும்ரப்பரும்:
காகிதம் நகர்வதற்குள் சீலிங் விழுந்துவிடும். நான் கூரை வேலை செய்கிறவன். சமையலறை மின்சார பிரேக்கரை இறக்குங்கள். அடியில் பெரிய வாளி வைத்து, தள்ளி நின்று, பலூனின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் சின்ன ஓட்டை போடுங்கள். எல்லாம் ஒன்றாகச் சரிவதற்குப் பதில் தண்ணீர் நூலாக இறங்கும். அப்புறம் யாரையாவது மேலே ஏற்றி, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வீடுகளில் பாதி ஒழுகல் அங்கே அடைத்த இலையால்தான். போட்டோ எடுத்து வைக்க மறக்காதீர்கள். கதவைத் தட்டி வருகிற கூரைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒழுகும்கூரை:
ஓட்டை போட்டோம். இரண்டு வாளி, காபி டிகாக்‌ஷன் நிறத்தில். மேலே குழாய் வாயில் இலையோடு ஒரு டென்னிஸ் பந்தும் இருந்தது. நேற்றைய மழைக்கு ஒழுகல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வி.ஐ.பி.யில் விவரம் எழுதிக்கொண்டார்கள். மகன் நம்பரைப் பெரியம்மாவே தேடி எடுத்துக் கொடுத்தார், பழைய காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.